கிரைண்டர் பக்கத்தில் ஒரு மடக்குப் பலகை: வீட்டுக்கல்வி, பத்து மாதக் கணக்கு

போன வாரம் திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் பாடம் விடாமல் நடந்தது. பத்து மாதத்தில் அப்படி நடந்த முதல் வாரம் இதுதான். கை ஈரத்தைத் துடைத்துவிட்டு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்கிறேன். மதுரையில், வைகைக்கு வடகரையில் பழைய ஓட்டு வீடு. மாமா, அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு ஏழரை வயது, சின்னவனுக்கு ஐந்து. தொழில் இட்லி மாவு. தினம் 12 கிலோ அரிசி, 3 கிலோ உளுந்து. 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரில் உளுந்து இரண்டு ஈடு, அரிசி நான்கு ஈடு. ஒரு தடவை போட்டு அரைத்து எடுப்பது ஒரு ஈடு. கிட்டத்தட்ட 35 கிலோ மாவு கிடைக்கும். அதைப் பாக்கெட் போட்டு, பாதியை வீட்டு வாசலிலும் மீதியைக் கடைகளுக்கும் கொடுக்கிறோம். கடைகளுக்கு அவர்தான் விடியற்காலையில் வண்டியில் எடுத்துப் போவார்.

பெரியவள் ஒன்றாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனாள். காலை 7 மணிக்கு வேன், மாலை 4.30க்கு வீடு, அப்புறம் இரவு 8 வரை வீட்டுப்பாடம். கதை கதையாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, பேச்சைக் குறைத்துவிட்டாள். ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று ஜூனில் தொடங்கினோம். அவருக்குத்தான் பயம் அதிகம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 4ஆம் பிரிவைக் காட்டினேன். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை பள்ளியில் இல்லாமல் இருந்தாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்பதையும் சொன்னேன். திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சரி என்றார்.

முதல் முயற்சி பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான். பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், 850 ரூபாய்க்கு வாங்கிய வெள்ளைப் பலகை, சார்ட் தாளில் கால அட்டவணை, 9 முதல் 12 மணி வரை நான்கு பாடம். பதினோரு நாள் ஓடியது. 9 மணிக்கு உட்கார்ந்தால் 9.10க்கு சிலிண்டர் வரும். திரும்பி வந்து 'எங்கே விட்டோம்' என்று கேட்பதற்குள் வாசலில் "அக்கா, மாவு இருக்கா?" என்று குரல். அதற்குப் பிறகு அத்தைக்கு மாத்திரை, அடுப்பில் குழம்பு. பன்னிரண்டாம் நாள் பெரியவளே, "அம்மா, நீ வேலையை முடிச்சிட்டு வா, நான் அப்புறமா படிக்கிறேன்" என்றாள். அன்றைக்கு அட்டவணையைக் கழற்றினேன்.

இரண்டாவது வேலையாக நான் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், யாராவது என்னைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன். ஏழு நாள், காலை 6 முதல் இரவு 8 வரை. 9 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் மட்டும் ஒரு நாளில் 23 கோடு. அந்த மூன்று மணி நேரத்தில் யாரும் கூப்பிடாமல் தொடர்ச்சியாகக் கிடைத்தது அதிகபட்சம் 18 நிமிடம். நான் தேர்ந்தெடுத்திருந்த நேரம்தான் வீட்டிலேயே மோசமான நேரம்.

கோடு குறைவாக இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று காலை 6.15 முதல் 6.45 வரை. அவர் கடைகளுக்குப் போயிருப்பார், சின்னவன் தூங்குவான், மாமா நடக்கப் போயிருப்பார். இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. மதியம் 1.30 முதல் 5 வரை, மாவு அரைக்கும் நேரம். என் கை மாவில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாக்கெட் 5.30க்குத்தான் வரும் என்பதால் வாசலிலும் யாரும் வர மாட்டார்கள். செல்போன் சமையலறையில் கிடக்கும். நான் ஒரே இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கிறேன். இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது என்று தோன்றியது. ஆனால் கிரைண்டர் இருப்பது பின்கட்டுத் தாழ்வாரம். ஈரத் தரை, மின்சாரம், ஓடும் இயந்திரம் மூன்றும் உள்ள இடம் அது.

அதனால் பிள்ளைகளை அங்கே கொண்டுபோவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டேன். கூலியோடு 2,200 ரூபாய். இந்தப் பத்து மாதத்தில் அதிகம் செலவான பொருள் அதுதான், அதில் எனக்கு ஒரு ரூபாய் வருத்தமும் இல்லை. கிரைண்டரின் பிளக்கைச் சுவரின் எதிர்ப்பக்கம் மாற்றினோம். கிரைண்டரில் இருந்து 5 அடி தள்ளித் தரையில் காவி பெயிண்டால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு வகுப்பு இல்லை. சின்னவன் இரண்டு முறை தாண்டினான், இரண்டு முறையும் வகுப்பை நிறுத்தினேன். மூன்றாம் முறை தாண்டவில்லை.

அடுத்தது மேசை. தாழ்வாரத்தின் அகலம் 3 அடி 10 அங்குலம். அதில் மேசை போட்டால் தண்ணீர் டிரம்மைத் தள்ளிப்போக இடம் இல்லை. சுவரில் மடக்கும் பலகைதான் வழி. ஆசாரி கடையில் கழிவாகக் கிடந்த 18 மி.மீ. பிளைவுட் 320 ரூபாய்க்குக் கிடைத்தது. 36 அங்குல நீளம், 16 அங்குல அகலமாக அங்கேயே அறுத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி டிரில்லைக் கொடுத்தார்.

இதில் மூன்று தவறு செய்தேன். முதலாவது உயரம். ஸ்டூல் போட்டு உட்காரட்டும் என்று 24 அங்குலத்தில் அடித்தேன். சின்னவனுக்குக் கால் எட்டவில்லை. கால் தொங்கினால் அவன் இரண்டு நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவான், எழுத்தில் கவனம் போகாது.

இரண்டாவது சுவர். பழைய சுண்ணாம்புப் பூச்சு. டிரில் போட்டதும் பொலபொலவென்று கொட்டியது, ஸ்குரூவைப் பிடிக்கச் சுவர் ஓட்டையில் செருகும் ரால் பிளக் நிற்கவில்லை. 240 ரூபாய்க்கு வாங்கிய இரும்பு எல்-கிளாம்ப் இரண்டும் மூன்றாம் நாள் பெரியவள் முழங்கையை ஊன்றியபோது சுவரோடு பெயர்ந்து வந்தன. யாருக்கும் அடிபடவில்லை. மறுபடி செய்தபோது பூச்சைத் தட்டித் தட்டிப் பார்த்து, செங்கல் கெட்டியாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். 2 அங்குல ரீப்பர் (மரச் சட்டம்) ஒன்றை 3 அங்குல ஸ்குரூ நான்கு போட்டு முதலில் சுவரில் இறுக்கினேன். பலகையை அந்த ரீப்பரில் கீல் வைத்துப் பொருத்தினேன். சுவரில் நேரடியாக எதையும் மாட்டவில்லை. இன்றுவரை அசையவில்லை.

மூன்றாவது தவறு, மடிக்கும் திசை. இந்த முறை தரையில் உட்காரும் உயரத்துக்கு அளந்தேன். தரை ஈரம் என்பதால் 3 அங்குல மணையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, முழங்கை வரும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். சின்னவனுக்கும் பெரியவளுக்கும் பொதுவாக 11 அங்குலம் சரியாக வந்தது. எல்லாம் குறித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்: 11 அங்குல உயரத்தில் இருக்கும் 16 அங்குலப் பலகையைக் கீழ்ப்பக்கம் மடித்தால் தரையில் இடிக்கும். மேல்பக்கம்தான் மடிய வேண்டும். அப்படியானால் கீல் பலகையின் மேல்முகத்தில் வர வேண்டும், மடித்ததும் விழாமல் இருக்கச் சுவரில் கொண்டி வேண்டும், முன்பக்கம் தாங்க இரண்டு கால் வேண்டும். கால் பத்தேகால் அங்குலம். ரீப்பர் துண்டில் அறுத்து, பலகையின் அடியில் முன் விளிம்பை ஒட்டி மடங்கும்படி கீல் போட்டேன்.

மேல்பக்கம் மடிய வேண்டி வந்ததில் ஒரு நன்மை கிடைத்தது. மடித்து நிறுத்தினால் பலகையின் அடிப்பக்கம் நம்மைப் பார்க்கும். அதற்குக் கரும்பலகை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். பட்டாசாலையில் இருந்த வெள்ளைப் பலகை இப்போது கடன் கணக்கு எழுதப் பயன்படுகிறது. பலகைச் செலவு: பிளைவுட் 320, கீல் ஐந்து 175, கொண்டி 25, ஸ்குரூவும் பிளக்கும் 60, பெயிண்ட் 95, உப்புத்தாள் 24. மொத்தம் 699 ரூபாய். வீணான கிளாம்ப் இதில் சேரவில்லை.

இடம் கிடைத்தது, ஆனால் பாடம் உடனே ஓடவில்லை. கிரைண்டர் ஓடும்போது பெரியவளை வாசிக்கச் சொன்னேன். சத்தத்துக்கு மேலே அவள் கத்தி வாசிக்க, நான் கத்தித் திருத்த, இரண்டு வாரத்தில் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஒருநாள் முதல் ஈடு உளுந்தை வழித்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் நின்றிருந்தது. அந்த அமைதியில் அவள் தானாகவே அன்றைய பாடத்தின் நான்கு வரியை வாசித்துக் காட்டிவிட்டு, மறுபடி கிரைண்டர் ஓடியதும் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அட்டவணை அதிலேயே இருந்தது. ஓடும்போது எழுத்தும் கணக்கும், நின்றால் வாசிப்பும் கேள்வியும்.

உளுந்து ஒரு ஈடு 35 நிமிடம், அரிசி ஒரு ஈடு 25 நிமிடம். வழித்து, கழுவி, அடுத்ததைப் போட 6, 7 நிமிடம். முதல் உளுந்து ஈட்டில் பெரியவளுக்குக் கணக்கு. இரண்டாவதில் சின்னவனுக்கு எழுத்து, அவள் தமிழ் எழுதுவாள். முதல் அரிசி ஈட்டில் ஆங்கிலமோ படம் வரைவதோ. மூன்று ஈட்டோடு வகுப்பு முடிந்தது. மீதி மூன்று ஈடு ஓடும்போது அவர்கள் பாட்டுக்கு விளையாடுவார்கள். ஆறு ஈட்டுக்கும் பாடம் வைத்துப் பார்த்தேன், நான்காவதில் இருவருக்கும் கண் சொக்கிவிட்டது. காலை 6.15க்குப் பெரியவளோடு மட்டும் அரை மணி நேரம், புதிதாக எதையாவது சொல்லிக்கொடுக்க. புதியதைக் காலையில் சொல்லி, மதியம் பழக விடுவது நன்றாக ஒட்டுகிறது.

பாடப்புத்தகம் தமிழ்நாடு அரசின் இரண்டாம் வகுப்பு மூன்று பருவப் புத்தகங்கள்தான். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தாளில் இருந்தால்தான் மாவுக் கைக்கு வசதி என்று நான் அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

சின்னவனுக்கு எழுத்து அட்டை செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மாண்டிசோரி முறையில் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுவார்கள், குழந்தை விரலால் தடவிப் பழகும். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். முறை இந்த ஊருக்குப் புதிது இல்லை. நான் முதலில் 80ஆம் நம்பர் உப்புத்தாள் வாங்கினேன். பிஞ்சு விரலுக்கு அது முரடு, இரண்டாம் நாளே 'எரியுது' என்றான். 120ஆம் நம்பர் சரியாக இருந்தது. வெட்டும்போது தாளின் பின்பக்கம் எழுத்தை வரைந்து வெட்டினேன். திருப்பினால் எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. 'ப' மட்டும் சரியாக இருந்தது. ஒரு தாள் வீண். பின்பக்கம் வரைவதானால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் வரைய வேண்டும்.

247 எழுத்துக்கும் அட்டை வேண்டாம். உயிர் 12, க முதல் ன வரை 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 அட்டை. மெய்யாக்க ஒரு புளியங்கொட்டை. 'க' அட்டையின் தலையில் கொட்டையை வைத்தால் 'க்'. கொட்டையை எடுத்தால் மறுபடி 'க'. இந்த விளையாட்டை அவன் ஒரு வாரம் விடவில்லை. கொட்டையை வைத்து வைத்து, "அம்மா, புள்ளி வச்சா குரல் அடங்கிருது" என்றான். துணைக்கால், கொம்பு, இணைக்கொம்பு எல்லாம் தனித் துண்டுகளாக வெட்டி, பக்கத்தில் நகர்த்திச் சேர்க்கும்படி வைத்தேன். நன்றாக ஓடியது. உகரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கு, சு, டு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளைகிறது. ஒரே துண்டை எல்லாவற்றிலும் ஒட்ட வைக்க முடியாது. இரண்டு மாலை முயன்றுவிட்டு, உகரத்துக்கு 18, ஊகாரத்துக்கு 18 என்று தனி அட்டையே செய்துவிட்டேன். அடுத்த முறை நேராக அதில்தான் தொடங்குவேன்.

எழுதிப் பழக அத்தை ஒரு யோசனை சொன்னார்கள். தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதுவது, அவர்கள் காலத்தில் அப்படித்தான். ஆற்று மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் உளுந்து மாவைத் தொட்டுப் பார்த்தபோது விரலில் நரநரவென்றது. எப்படி வந்தது என்று தேடுவதில் பயன் இல்லை. ஒன்றரைக் கிலோ உளுந்து, கிட்டத்தட்ட 200 ரூபாய், விற்கவில்லை, எங்களுக்கும் வேண்டாம் என்று கொட்டிவிட்டேன். சாப்பாட்டுப் பொருள் செய்யும் இடத்துக்கு மணல் வரவே கூடாது, இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். இப்போது தாம்பாளத்தில் அரிசி நொய். சிந்தினாலும் பயம் இல்லை. அரை கிலோ போதும், பரப்பினால் அரை அங்குல ஆழம் வரும். அதற்கு மேல் போட்டால் எழுத்து தெரியாது.

அத்தையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் சரியாக வரவில்லை. பாசத்தில் விடையைச் சொல்லிவிடுவார்கள். பெரியவள் யோசிக்காமல் அப்பத்தா முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டாள். வேலையை மாற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் பூண்டு உரிக்கும்போது அப்பத்தாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்ட வேண்டும். அத்தைக்குக் கண்ணில் புரை, அச்செழுத்து கண்ணுக்குத் தெரியாது. உண்மையிலேயே தேவைப்படும் ஒருவருக்கு வாசிப்பதால் அவள் நிறுத்தி, திருத்தி வாசிக்கிறாள். "திரும்பச் சொல்லு தாயி, எந்த ஊருல?" என்று அத்தை கேட்கும்போது அவள் மறுபடி அந்த வரியைத் தேடிப் போவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

மாமா கொண்டுவந்தது பரணில் கிடந்த அளவைகள். படி, உரி, உழக்கு, ஆழாக்கு. புளி போட்டுத் துலக்கி வைத்தார். அதுவரை பின்னம் என்றால் பெரியவளுக்குப் புத்தகத்தில் வட்டத்தை வெட்டிய படம். மாமா அவளை அரிசி மூட்டைக்கு முன்னால் உட்கார வைத்து, ஆழாக்கால் படியை நிரப்பச் சொன்னார். எட்டு வர வேண்டும். ஆறு போட்டு ஏழாவது பாதியிலேயே படி நிரம்பிவிட்டது. "கோபுரமா அள்ளுற தாயி. தலையைத் தட்டி அள்ளு" என்றார். உள்ளங்கையால் மேலே வழித்து வழித்து அள்ளினாள். எட்டு. மறுபடி. எட்டு.

"தாத்தா, அப்ப ஆழாக்குக்குப் பேரு எட்டுல ஒண்ணா?"

"அரைக்கால். காலுல பாதி. உழக்கு காலு, உரி அரை."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான்கு பாத்திரத்தையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றும் முந்தையதில் இரண்டு மடங்கு என்று அவளாகவே கண்டுபிடித்து, உழக்கை எடுத்து உரிக்குள் இரண்டு முறை கொட்டினாள். அடுத்த வாரம் புத்தகத்தில் அரை, கால் வந்தபோது நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரைக்காலில் பாதி என்ன என்று மாமாவிடம் அவளே கேட்டுவந்து 'வீசம்' என்று எனக்குச் சொன்னாள். பதினாறில் ஒரு பங்கு. எனக்கும் அது மறந்துபோயிருந்தது.

பாக்கெட் போடும் நேரத்தைப் பாடமாக்க முயலவில்லை. தராசில் ஒரு கிலோ வருகிறதா என்று பார்ப்பதும், கடைக்கு எத்தனை என்று எழுதுவதும் அவள் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. அதில் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள் என்று தெரியும்.

192 பக்க நோட்டு ஒன்றில் நாளுக்கு ஒரு வரி எழுதுகிறேன். நடந்த ஈடு எத்தனை, என்ன பாடம், எங்கே தடுக்கியது. அதைப் புரட்டினால் ஓட்டைகளும் தெரிகின்றன. பொங்கல் வாரம் முழுக்க வெற்று வரி. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து, மாவும் இரட்டிப்பாக அரைத்தபோது ஒன்பது நாள் எதுவும் இல்லை. முதலில் அந்த வெற்று வரிகள் மனதை அரித்தன. இப்போது வேலை கூடும் வாரங்களுக்கு முன்கூட்டியே விடுமுறை என்று எழுதிவிடுகிறேன். ஆங்கிலம் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. வீட்டில் யாரும் பேசாததால் அரிசி ஈட்டின் 25 நிமிடத்தில் அது நிற்கவில்லை. வாரம் இரண்டு காலை நேரத்தை அதற்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன்.

மறுபடி முதலில் இருந்து செய்வதானால் காலண்டர் தாளில் கோடு போடும் வேலையைத்தான் முதலில் செய்வேன், அது முடியும்வரை ஒரு பொருளும் வாங்க மாட்டேன். பிளைவுட்டில் தண்ணீர் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குவேன். இப்போதுள்ள பலகையின் இடது ஓரம் ஈரத்தில் உப்பி, பட்டை பிரிய ஆரம்பித்திருக்கிறது. இந்த ஞாயிறு அதைத் தேய்த்து, விளிம்புக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும்.

உயரத்தையும் மாற்ற வேண்டும். நேற்று சின்னவனை மணையில் உட்கார வைத்து அளந்தேன், முழங்கை பென்சில் கோட்டைத் தாண்டி முக்கால் அங்குலம் மேலே வந்துவிட்டது. ரீப்பரை ஏற்றி அடிக்க 12 அங்குலத்தில் செங்கல் தட்டிப் பார்த்துக் குறித்துவிட்டேன். புதுக் கால் இரண்டும் அறுத்து, ஆணியில் தொங்குகின்றன. பதினொன்றேகால் அங்குலம்.